ரேக்கை மாற்றும் முன் லிங்க்கைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் கார். வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதங்களாக முன்புறம் இடது பக்கத்திலிருந்து ‘டொக்... டொக்’ என்று சத்தம் வருகிறது. தெருவில் மெதுவாகப் போகும்போதுதான் கேட்கிறது, நான்குவழிச் சாலையில் கேட்பதில்லை. எங்கள் வீட்டு வாசலில் சாக்கடையை மூடியிருக்கும் சிமென்ட் பலகையின் மேல் வண்டி சாய்வாக ஏறி இறங்கும்போது ஒருமுறைகூடத் தவறாமல் வருகிறது. ஆனால் வேகத்தடையை நேராகக் கடந்தால் பெரும்பாலும் வருவதில்லை. முதல் பட்டறையில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் இருபுறமும் லோயர் ஆர்ம் மாற்றி வீல் அலைன்மென்ட் செய்தார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது பட்டறையில் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் ரேக் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? அடுத்த மாதம் குடும்பத்துடன் கொடைக்கானல் போவதாக இருக்கிறோம். இந்தச் சத்தத்துடன் போகலாமா?

பதில்: ரேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு அமைப்பை, இப்போது மாற்ற வேண்டாம். மூன்று பட்டறைகளிலும் யாரும் கேட்காமல் விட்ட ஒரு விவரத்தை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: வாசல் பலகையில் சாய்வாக ஏறினால் சத்தம் தவறாமல் வருகிறது, வேகத்தடையை நேராகக் கடந்தால் வருவதில்லை. ஷாக் அப்சார்பரோ, அதை வண்டியின் உடலோடு பிடிக்கும் மேல் மவுன்ட்டோ, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருந்தால், இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும் வேகத்தடையில்தான் அது முதலில் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஒரு சக்கரம் மேலேயும் மற்றொன்று கீழேயும் இருக்கும்போது மட்டும் ஒரு பொருள் சத்தமிடுகிறது என்றால், அந்த ஏற்றத்தாழ்வின்போது மட்டுமே வேலை செய்யும் உறுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் காரில் அந்த வேலையைச் செய்வது ஸ்டெபிலைசர் பார் எனப்படும் கம்பியும், அதன் இரு முனைகளையும் சக்கரங்களோடு இணைக்கும் லிங்க்குகளும்தான்.

அந்தக் கம்பி வண்டியின் குறுக்கே, சப்ஃபிரேம் எனப்படும் அடிச்சட்டத்தின் மீது இரண்டு ரப்பர் புஷ்களில் படுத்திருக்கும். வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பப் பார்க்கும். அப்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, சாய்வைக் குறைக்கும். இரு சக்கரங்களும் ஒரே அளவு ஏறினால் கம்பி முறுக்குவதில்லை, புஷ்களுக்குள் சும்மா சுழல்கிறது. லிங்க்கின் மீது பெரிய சுமை எதுவும் விழுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுக்கவோ தள்ளவோ செய்கிறது. அரையடிக்கும் ஓரடிக்கும் இடைப்பட்ட நீளமுள்ள இந்த லிங்க்கின் இரு நுனிகளிலும் சிறிய பந்து மூட்டு ஒன்று உண்டு. உருண்டையான எஃகுத் தலை, பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் கிரீஸில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு ரப்பர் பூட் மூடியிருக்கும். அந்த பூட் வெடித்து மழைநீரும் மணலும் உள்ளே போய்விட்டால் கிண்ணம் தேயத் தொடங்கும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் சத்தம் எழுப்ப அது போதும்.

சத்தம் ஏன் தெருவில் மட்டும் வருகிறது, நான்குவழிச் சாலையில் வருவதில்லை என்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. மூட்டில் இடைவெளி இருப்பதால் மட்டும் ஓசை வந்துவிடாது. சுமை ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறும் கணத்தில், உருண்டை கிண்ணத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குத் தாவி மோதுவதுதான் நீங்கள் கேட்கும் ‘டொக்’. குண்டும் குழியுமான தெருவில் இடது சக்கரம் ஒருமுறை, வலது சக்கரம் ஒருமுறை என்று மாறி மாறி ஏறி இறங்குவதால் நொடிக்கு நொடி சுமை திசை மாறுகிறது. சமமான சாலையில் அப்படி மாறுவதற்குக் காரணமில்லை. போதாததற்கு டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் சிறிய ஓசைகளை விழுங்கிவிடும்.

நீங்கள் ‘டொக்’ என்று எழுதியதையும் நான் கவனத்தில் எடுத்துக்கொண்டேன். பட்டறைக்கு வருபவர்கள் வாயால் எழுப்பிக் காட்டும் சத்தத்தைச் சிரித்துவிட்டுத் தள்ளும் மெக்கானிக்குகளில் நானும் ஒருவனாக இருந்தேன், இப்போது அப்படியில்லை. ‘லொடலொட’ என்று தொடர்ந்து வந்தால் லேசான தகடு, பிரேக் பேட், தளர்ந்த கவசம் போன்றவற்றின் பக்கம் பார்க்கலாம். ‘கிரீச்’ என்றால் காய்ந்த ரப்பர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று கம்பி அதிர்வது போல வந்தால் ஸ்பிரிங் தன் இருக்கையில் நழுவுகிறது. தனித்தனியாக, கட்டையால் தட்டியது போல வரும் ‘டொக்’ பெரும்பாலும் ஏதோ ஒரு மூட்டில் உள்ள இடைவெளிதான்.

அப்படியானால் மூன்று பட்டறைக்காரர்களும் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்திருப்பார்கள், ஆனால் பார்த்த விதத்தில் அது தெரிந்திருக்காது. நம் ஊரில் சஸ்பென்ஷன் சத்தம் என்றதும் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, கடப்பாரையால் நெம்பிப் பார்ப்பதுதான் வழக்கம். லோயர் ஆர்மின் நுனியைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைச் சோதிக்க அது சரியான முறை. லிங்க்குக்கு அது பொருந்தாது, ஏனெனில் தொங்கும் நிலையில் லிங்க்கின் கோணமும் அதன் மீதுள்ள இழுவையும் சாலையில் இருப்பது போல இருப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக இழுத்துப் பிடித்திருக்கும், எவ்வளவு ஆட்டினாலும் அசையாது. புத்தம் புதியது போலத் தோன்றும்.

எனவே சோதனையை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். வண்டி நான்கு சக்கரங்களிலும் நின்றபடி இருக்க வேண்டும்; குழி உள்ள பட்டறையோ, சக்கரங்களைத் தாங்கும் வகை லிஃப்ட்டோ இருந்தால் நல்லது. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரத்தில், ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். இந்த நிலையில் கம்பி முறுக்கின்றி ஓய்ந்திருக்கும். லிங்க்கை நடுவில் கையால் பற்றி வேகமாக முன்னும் பின்னும் உலுக்கினால், தேய்ந்த மூட்டு கையிலேயே ‘டிக்’ என்று பேசும். அதன் பிறகு ஒருவர் லிங்க்கின் மேல் மூட்டில் விரல் நுனியை வைத்துக்கொள்ள, மற்றொருவர் வண்டியின் கூரை ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். பம்பரை அமுக்கி மேலும் கீழும் குதிக்கவைப்பது இந்தச் சோதனைக்கு உதவாது; மேலே சொன்னபடி, இரு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கினால் லிங்க்குக்கு வேலையில்லை. பக்கவாட்டு ஆட்டமே அதை வேலைவாங்கும். கீழ் மூட்டிலும், வலப்பக்கத்திலும் இதையே செய்யுங்கள். வலப்பக்கத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சப்ஃபிரேம் முழுவதும் ஒரே இரும்பாக இருப்பதால் ஓசை அதன் வழியாக ஓடி, வலதில் பிறந்தது இடதில் கேட்பதுண்டு. இந்த விஷயத்தில் காதை விட விரலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

இதிலும் ஐயம் தீரவில்லை என்றால் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. இருபுற லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, கம்பியின் முனைகள் எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, உங்கள் வாசல் பலகையிலும் தெருவிலும் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடியோடு நின்றுவிட்டால் லிங்க்கோ, கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷோதான் காரணம். சத்தம் அப்படியே இருந்தால் இரண்டையும் ஐயப்பட வேண்டியதில்லை. பழைய லிங்க்கையே திருப்பிப் பூட்டிவிடலாம். கழற்றிய நிலையில் வண்டி வளைவில் வழக்கத்தை விட அதிகமாகச் சாயும் என்பதால் பெரிய சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

இந்தச் சோதனைக்கு முன் உங்கள் மெக்கானிக் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்லா வண்டிகளிலும் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியாது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்து 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஃபோர்டு கார்களில் பரவலான முன் சஸ்பென்ஷன் அமைப்பில், இந்தக் கம்பிக்கு இரண்டு வேலைகள் இருந்தன: சாய்வைத் தடுப்பது ஒன்று, சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் லோயர் ஆர்மைப் பிடித்து வைப்பது மற்றொன்று. நம் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய மாருதி 800 காரும் அந்த வழியைப் பின்பற்றியதுதான். அத்தகைய வண்டியில் கம்பியை விடுவித்தால் சக்கரத்தின் பிடிமானமே போய்விடும். லோயர் ஆர்ம் இரண்டு புள்ளிகளில் சப்ஃபிரேமோடு பூட்டப்பட்டு, கம்பியின் முனையிலிருந்து ஷாக் அப்சார்பரின் உடலுக்குத் தனி லிங்க் போகும் வண்டிகளில் மட்டுமே இந்தச் சோதனை செல்லும். எட்டு ஆண்டு வயதுள்ள ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை என்றாலும், கீழே குனிந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிலவற்றில் கம்பியே இருக்காது. உங்கள் வண்டி அப்படியானது என்றால் நான் இதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டு அடுத்த பத்திகளுக்கு வாருங்கள்.

லிங்க் தேறிவிட்டால் அடுத்ததாக, ஏற்கெனவே செய்த வேலைகளை நான் சந்தேகிப்பேன். புதிய பாகம் போட்டாயிற்று, ஆகவே அந்த இடம் சரி என்று எண்ணிக் கடந்துபோவது எங்கள் தொழிலில் அடிக்கடி நேரும் தவறு. ஷாக் அப்சார்பர் மாற்றிய பட்டறையின் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் ஸ்ட்ரட் மவுன்ட் எனப்படும் மேல் மவுன்ட், அதன் பேரிங் ஆகியவை இருக்கின்றனவா? எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் புதிய ஷாக் அப்சார்பரின் தலையில் பழைய மவுன்ட்டையே மாட்டிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. மேல் நட்டையும் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் அதை இறுக்கும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுழன்றுவிட்டால், வெளிப்பார்வைக்கு இறுகியது போல இருந்தாலும் உள்ளே தளர்வாகவே இருக்கும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குவதே முறை. வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை முழுதாக இருபுறமும் திருப்ப, மற்றொருவர் ஸ்பிரிங்கின் மீது லேசாகக் கைவைத்துப் பார்த்தால், பேரிங் சிக்கிக்கொண்டு ஸ்பிரிங் துள்ளுகிறதா என்பது தெரிந்துவிடும். சுருள்களின் இடையே விரலை நுழைக்க வேண்டாம்.

அந்த வேலையில் இன்னொன்றும் நடந்திருக்கும். உங்கள் வகை வண்டியில் ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டுமானால் லிங்க்கின் மேல் நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். துருப்பிடித்த நட்டோடு பந்துத் தண்டும் சேர்ந்து சுற்றும்போது பூட் முறுக்கிக் கிழிவது வழக்கம். ஆகவே லிங்க் முன்பு சுமாராக இருந்திருந்தாலும் அந்தக் கழற்றலுக்குப் பிறகு மோசமாகியிருக்கலாம். அல்லது நட்டைத் திருப்பிப் பூட்டுகையில் முழுதாக இறுக்காமல் விட்டிருக்கலாம். பின்னது என்றால் ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

லோயர் ஆர்ம் மாற்றிய பட்டறையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபோது இறுக்கினீர்களா, தொங்கியபோதா? புஷ்ஷின் ரப்பர் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைவுக்கு இடம் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்தே ரப்பர் ஒரு பக்கம் முறுக்கிய நிலையில் வாழ்கிறது. சில மாதங்களில் அது கிழிவதற்கு அதுவே போதும். தொங்கவிட்டு இறுக்கினோம் என்று பதில் வந்தால், வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போது போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்தி, சொல்லப்பட்ட அளவுக்கு மீண்டும் இறுக்கித் தரச் சொல்லுங்கள். இதற்குப் பாகம் எதுவும் வாங்க வேண்டாம்.

இனி ரேக். சக்கரத்தைக் கடிகாரத்தின் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் பிடித்து ஆட்டியபோது தளர்வு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்தத் தளர்வு, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் வெளிமூட்டான டை ராட் எண்டில் இருக்கலாம், ரப்பர் உறைக்குள் இருக்கும் அதன் உள்மூட்டான ரேக் எண்டில் இருக்கலாம், அதற்கும் உள்ளே ரேக்கின் புஷ்ஷில் இருக்கலாம். முதல் இரண்டும் தனியாகக் கிடைக்கும் பாகங்கள். அவற்றுக்காக முழு ரேக்கையும் மாற்றுவது, ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு உடைந்ததற்காக வீட்டையே இடிப்பது போல. ஒருவர் சக்கரத்தை ஆட்டும்போது மற்றொருவர் டை ராட் எண்டில் விரல் வைத்தும், பிறகு ரப்பர் உறைக்கு மேலாக உள்மூட்டைப் பிடித்தும் பார்த்தால் தளர்வு எங்கே என்று பிரித்தறியலாம். ரேக்கிலிருந்து வரும் தட்டல் பெரும்பாலும் ஸ்டீயரிங் வட்டத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கையில் அதிர்வாகத் தெரியும். வண்டி நிற்கையில் ஸ்டீயரிங்கை வேகமாகச் சிறிதளவு இடவலமாக அசைத்தாலே கேட்கும். கடிதத்தில் இவை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ரேக்கில் உள்ள அட்ஜஸ்டரை இறுக்கிச் சத்தத்தை அடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். அளவுக்கு மீறி இறுகினால், வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அது சத்தத்தைவிடக் கெட்டது.

பிரேக்கையும் ஒரு நிமிடத்தில் விலக்கிவிடலாம். அதே தெருவில், அதே வேகத்தில், பிரேக் மிதியை மிக லேசாக அழுத்தியபடி ஓட்டுங்கள். சத்தம் நின்றுபோனால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் கைடு பின்னோ, பேட்டின் கிளிப்போ ஆடுகிறது. மாறாமல் தொடர்ந்தால் அங்கே வேலையில்லை. கிளட்ச்சை விடும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து எடுக்கும்போதும் ‘டொக்’ வருமானால் இன்ஜின் மவுன்ட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் விவரித்தது அந்த வகை அல்ல.

பானெட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று சொல்வதற்கு என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு இருபுற லிங்க்கும் மாற்றிக் கொடுத்து, சத்தம் போகாமல் திரும்பி வந்த வண்டியை அரைநாள் கீழேயே படுத்துத் தேடினேன். கடைசியில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் பேட்டரியைக் கையால் ஆட்டிக் காட்டினான். கிளாம்ப் கழன்று, ஒவ்வொரு குழியிலும் பேட்டரி தன் தட்டில் குதித்துக்கொண்டிருந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வண்டிக்கு அடியில் போவதற்கு முன் பேட்டரி, கீழ்க்கவசம், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றை ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

கொடைக்கானல் பயணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். லிங்க் தேய்ந்தது மட்டும்தான் குறை என்றால் அது உடனடி ஆபத்தல்ல. ஆனால் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியபின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் சாய்வைக் கட்டுப்படுத்துவதே இந்தப் பாகத்தின் வேலை என்பதால், மாற்றிவிட்டுப் போவதுதான் முறை. என்னைக் கவலைப்படுத்துவது லிங்க் அல்ல, பால் ஜாயின்ட். அது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆர்ம் புதியதாக இருந்தாலும், பால் ஜாயின்ட்டை நக்கிளோடு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தோடு, பிடிக்கும் போல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்பதை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். தளர்வு தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் ஆட்டுங்கள். தளர்வு மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் என்று தெரிந்தால் வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம். வீட்டிலேயே பார்க்க நினைத்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

லிங்க்தான் என்று உறுதியானால் இருபுறமும் சேர்த்து மாற்றிவிடுங்கள்; இரண்டும் ஒரே தூரம் ஓடியவை, விலையும் ரேக்குக்குக் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான். கம்பியின் ரப்பர் புஷ்களையும் அப்போதே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். லிங்க் மாற்றுவதால் சக்கரங்களின் கோணம் மாறாது, ஆகவே மறுபடியும் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கழற்றிய பழைய லிங்க்குகளைக் கேட்டு வாங்கி, அதன் பந்துத் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். நல்ல மூட்டு கெட்டியாக, வழவழப்பாக நகரும். உங்களுடையது தொளதொளவென்று விழுந்தால் நான்கு மாதச் சத்தம் உங்கள் கையில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்தச் சிமென்ட் பலகையின் மேல் அதே சாய்வில், அதே வேகத்தில், இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிடுங்கள்.